பெட்டியைத் திறக்காமல்

மறுபடியும் நின்றுவிட்டது. முதலில் ஒரு செருமல், அப்புறம் ஒரு இழுவை, ஆக்ஸிலேட்டரை முறுக்க முறுக்கச் சத்தம் ஏறுவதற்குப் பதில் இறங்கிக்கொண்டே போய், கடைசியில் டயர் தார்ச்சாலையில் உரசுகிற சத்தம் மட்டும் மிச்சம். இன்ஜின் அடங்கிய பிறகும் வண்டி கொஞ்ச தூரம் தன்பாட்டுக்கு உருண்டு போகும். அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் என் லட்சணம் எனக்கே தெரிகிறது. ஐயையோ என்று வந்திருக்க வேண்டும் மனசில். வரவில்லை. அப்பாடா என்றுதான் வந்தது. வந்த வேகத்தில் அதை அமுக்கிவிட்டு, “சே, என்ன வண்டி இது” என்று வாய்விட்டுச் சொன்னேன், ஆளில்லாத ரோட்டில், யாரோ நின்று சாட்சி சொல்லப் போவதுபோல. தங்கச்சி மகளுக்கு இன்று காதுகுத்து. நான் தாய்மாமன். என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மாமன் வீட்டுத் தோடு சின்ன டப்பாவில் சட்டைப்பையில் இருக்கிறது, குனியும்போதெல்லாம் நெஞ்சில் இடிக்கிறது. வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பித்துவிடும், அதற்கு முன்னால் கோயிலில் இருந்தாக வேண்டும். இப்படி ஒரு காரியத்துக்குக் கிளம்பியவன் வண்டி நின்றால் அப்பாடா என்பானா? என்றேனே. எனக்குத்தானே கேட்டது. முன்னால் ஒரு பஸ் நிறுத்தம் தெரிந்தது, கூரை போட்டது, நிழலில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். இறங்கி அதுவரைக்கும் தள்ளினேன். வேகமாகத் தள்ளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கார்ப்பரேட்டர்தான். சந்தேகமே இல்லை. நேற்று ஆயுத பூஜைக்காக மோட்டார் போட்டுக் குழாயைப் பிடித்து வண்டியைக் குளிப்பாட்டினேன், தண்ணீர் உள்ளே போயிருக்கும். இதை முதல் தடவை நின்றபோதே கண்டுபிடித்துவிட்டேன், அருப்புக்கோட்டை தாண்டியதும். பிஸ்கட் ஏஜென்சிக்காகக் கடை கடையாக லைன் போகிறவன் நான், இத்தனை வருஷமாக இதே வண்டி, இதன் நோக்காடு எல்லாம் எனக்கு அத்துப்படி. கார்ப்பரேட்டர் அடியில் ஒரு திருகு இருக்கும், அதை இளக்கினால் கிண்ணத்தில் நிற்கிற பெட்ரோல் வடியும், தண்ணீர் இருந்தால் கூடவே போய்விடும். திருகைத் திருப்ப ஸ்க்ரூடிரைவர் வேண்டும். அது வண்டிக்குப் பக்கவாட்டில் உள்ள டூல்ஸ் பெட்டியில் இருக்கிறது. நான் வீட்டுச் சாவியின் முனையை வைத்துத் திருப்பினேன். நகம் பெயர்ந்தது. உள்ளங்கையில் விழுந்த பெட்ரோலை வெயிலில் பிடித்துப் பார்த்தேன், ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை, பெட்ரோலே கொஞ்சம்தான் வந்தது. அப்போது என்ன நினைத்தேன்? கிண்ணத்துக்குள் மிதவை சிக்கியிருக்கும் என்று நினைத்தேன். ஒரு கல்லை எடுத்து நாலு தட்டுத் தட்டினேன். சோக்கை இழுத்தேன், விட்டேன். பெட்ரோல் டேப்பை ரிசர்வுக்குத் திருப்பினேன். ஒரு டீ குடிக்கிற நேரம் சும்மா நின்றுவிட்டு உதைத்தேன், பிடித்துக்கொண்டது. பிடித்துக்கொண்டதே என்று முகம் சுருங்கியதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை. கொஞ்ச தூரம் ஓடியது, நின்றது. மறுபடி தட்டினேன், ஓடியது. இப்போது இங்கே. போகிறவன் வருகிறவன் எல்லாம் வேகத்தைக் குறைத்து ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டுப் போகிறான், “அண்ணே, பெட்ரோல் இருக்கா?” இல்லாமலா காலையிலிருந்து ஓட்டிக்கொண்டு வருகிறேன். மூடியைத் திறக்காமலே வண்டியை ஆட்டிக் காட்டுகிறேன், தளும்புகிறது, கேட்டவனுக்கு நான் ஏதோ ஏமாற்றிவிட்ட மாதிரி முகம் மாறுகிறது.

போன் அடித்தது. பூங்கொடி. தங்கச்சி பெயர் திரையில் வரும்போது எப்போதும் ஒரு சந்தோஷம் வரும், இன்று நாலு மணி அடிக்க விட்டுத்தான் எடுத்தேன். “எங்கண்ணே இருக்க?” பின்னால் மேளம், யாரோ மைக்கைத் தட்டுகிற சத்தம், இதற்கெல்லாம் நடுவே குழந்தை ‘ம்மா ம்மா’ என்று எதையோ கேட்டு இழுக்கிற குரல். “வண்டி மக்கர் பண்ணுதும்மா. கார்ப்பரேட்டர். இந்தா சரி பண்ணிக்கிட்டே இருக்கேன்.” சொன்னது எல்லாம் உண்மை. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. உண்மையை மட்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய பொய் சொல்ல முடியும் என்று எனக்கு இதற்கு முன் தெரியாது. “ஆசாரி வந்துட்டாருண்ணே. மொட்டை போட்டாச்சு. இவ அழுது அழுது இப்பத்தான் அடங்கியிருக்கா. மெதுவா வா, பதறாத, என்ன?” பதறாதே என்கிறாள். பதறுகிற அண்ணன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். போன வாரம் இதே போனில்தான் கேட்டாள், “அண்ணே, ஒனக்கு மனசு ஒப்பலைன்னா சொல்லிருண்ணே, நம்ம சித்தப்பா மகன் ஒருத்தர் மாமன் முறைக்கு இருக்காரு, ஒக்காத்தி வச்சுக்கிறேன், நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்.” நான் எரிந்து விழுந்தேன். “என்னடி பேசுற, நான் என்ன செத்தா போயிட்டேன்?” என்றேன். அவள் அழுதாள். அன்றைக்கே ‘ஒப்பவில்லை பூங்கொடி’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்று இந்த ரோட்டில் நிற்க வேண்டியதில்லை. அவள் அதைக் கேட்டதற்குக் காரணம் வேறு என்பது அப்புறம்தான் தெரிந்தது. மச்சான் அய்யாத்துரை வாய் தவறிச் சொல்லிவிட்டார். அவருடைய அம்மா சொன்னாராம், “ஆடியிலதான பிள்ளையக் குழியில வச்சாரு, அந்தக் கையோட இந்தப் பிள்ளையத் தூக்கி மடியில வைக்கணுமா?” என்று. பூங்கொடி ரெண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து, “எங்கண்ணன் மடி இல்லைன்னா என் பிள்ளைக்குக் காதே குத்த வேண்டாம்” என்று சண்டை போட்டு வாங்கியிருக்கிறாள். வாங்கிக் கொடுத்த இடத்தில் போய் உட்காரத்தான் எனக்கு இஷ்டம் இல்லை. நான் போகாவிட்டால் அவள் மாமியார் சொன்னது சரி என்று ஆகிவிடும், அவள் அந்த வீட்டில் இனி எதற்கும் வாய் திறக்க முடியாது. இதெல்லாம் தெரிந்தும்தான் கல்லை எடுத்துத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

தட்டினது போதும், ஜெட் அடைத்திருக்கும். கார்ப்பரேட்டருக்குள் பித்தளையில் ஒரு குட்டி ஜெட், மயிரிழைத் துளை, தூசி போனால் அடைத்துக்கொள்ளும். அதைக் குத்துவதற்கென்றே ஒரு மெல்லிய கம்பி சுருட்டி வைத்திருக்கிறேன். அது அந்தப் பெட்டியில் இருக்கிறது. ப்ளக்கைக் கழற்றிப் பார்க்கலாம், ப்ளக் ஸ்பேனரும் அந்தப் பெட்டியில் இருக்கிறது. எந்தப் பக்கம் சுற்றினாலும் அந்தப் பெட்டிக்கு முன்னால்தான் வந்து நிற்கிறேன். ப்ளக் நன்றாகத்தான் இருக்கும். ஜெட்டும் நன்றாகத்தான் இருக்கும். அந்தப் பெட்டியை ஆடியிலிருந்து நான் திறக்கவில்லை. ஸ்பேனருக்குக் கீழே, அழுக்குத் துணிக்குக் கீழே, ஒரு பிளாஸ்டிக் கவரில் மஞ்சள் கம்பளிக் காலுறை ஒரு ஜோடி இருக்கிறது. என் கட்டைவிரலை நுழைத்தால் அதற்குள் சரியாக இருக்கும். நுழைத்துப் பார்த்திருக்கிறேன். என் பெண்டாட்டி தமயந்திக்கு ஏழாம் மாசம் நடந்தபோது வாங்கினேன், விருதுநகரில், லைன் முடித்துத் திரும்புகிற வழியில், ஒரு துணிக்கடை வாசலில் தொங்கிக்கொண்டிருந்தது. பிள்ளை பிறக்கிறதுக்கு முன்னால் அதற்கென்று ஒரு துணிகூட வாங்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம், பழைய சேலையைக் கிழித்துத்தான் முதலில் சுற்றுவார்கள், அப்புறம்தான் எல்லாம். என் மாமியார் எங்கள் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தார், “மாப்ள, ஆசை மிகுதியில எதையாவது வாங்கிப்புடாதீக.” நான் சிரித்தேன். சிரித்துவிட்டுத்தான் வாங்கினேன். வீட்டுக்குள் கொண்டுபோகப் பயந்து பெட்டியில் வைத்தேன். கடை கடையாகப் போகும்போது டீக்கு நிறுத்துகிற இடத்தில் பெட்டியைத் திறந்து ஒரு தடவை தொட்டுப் பார்ப்பேன், கைக்கு மெத்தென்று இருக்கும், மூடிவிடுவேன். ஒரு மாசம்கூட ஆகவில்லை. ஒரு நாள் காலையில் தமயந்தி வயிற்றில் கை வைத்துக்கொண்டு, “என்னங்க, ராத்திரியிலேருந்து அசையலங்க” என்றாள்.

கொடி சுற்றியிருந்தது என்று டாக்டர் சொன்னார். கொடிக்கும் காலுறைக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சம்பந்தமும் இல்லை. நான் பத்தாவதில் அறிவியலில் நல்ல மார்க் வாங்கியவன். இருந்தாலும் ஒருநாள் விட்டு ஒருநாள் அந்த மெத்தென்ற தொடுகை விரல் நுனிக்கு வருகிறது, நீ தொட்டாய், நீதான் தொட்டாய் என்கிறது. துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். முகத்தைப் பார்த்தேன். காலைப் பார்க்கவில்லை. துணியை விலக்கிக் காலைப் பார்த்திருக்கலாம், பார்க்க விடமாட்டேன் என்று யாரும் சொல்லவில்லை. பார்த்திருந்தால் அந்தக் காலுறை பொருந்தியிருக்குமா இல்லையா என்று தெரிந்திருக்கும், அது தெரிந்துவிடக் கூடாது என்றுதான் பார்க்கவில்லை. அதன் பிறகு அதை எங்கே போடுவது? குப்பையிலா? ஆற்றிலா? எரிப்பதா? ஒவ்வொரு நாளும் அதை என் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு பிஸ்கட் விற்றுக்கொண்டிருக்கிறேன். தமயந்தியிடம் சொல்லவில்லை. உன் பிள்ளையை நான்தான் ஆசைப்பட்டுக் கெடுத்தேன் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அவள் இல்லை என்பாள், அதை என்னால் தாங்க முடியாது. ஆமாம் என்றாலும் தாங்க முடியாது.

அவள் மூணு மாசமாக விளக்கேற்றவில்லை. பூஜை அலமாரிக் கதவு சாத்தியே கிடந்தது. நேற்று நான் பொரியும் பூசணிக்காயும் எலுமிச்சம்பழமும் வாங்கப் போயிருந்தேன், சும்மா ஒரு பேச்சுக்கு, வாசலில் உடைத்துவிட்டு உள்ளே போய்விடலாம் என்று. திரும்பி வந்தால் வீட்டில் சாம்பிராணி வாசம். தலைக்குக் குளித்துவிட்டு, ஈரத் துண்டு சுற்றிய தலையோடு, கிண்ணத்தில் சந்தனம் குழைத்து வண்டிக்குப் பூசிக்கொண்டிருந்தாள். ஹெட்லைட்டில், ஹேண்டிலில், சங்கிலி மூடியில், டேங்கில், டேங்க் மூடியில், எங்கெல்லாம் இடம் உண்டோ அங்கெல்லாம் தாராளமாக, ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம். என்னைப் பார்த்ததும், “எல்லாத்துக்கும் பொட்டு வச்சுட்டேன்” என்றாள். இதைச் சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தாள். நான் என்ன சொன்னேன்? “சந்தனத்தை இப்படி அப்பியிருக்க, நாளைக்கு வெயில்ல காஞ்சு சட்டையெல்லாம் ஒட்டும்” என்றேன். அவள் கையில் மறுபடி சந்தனத்தைப் பார்த்ததும் எனக்கு வந்த அழுகையை மறைக்க இந்தக் கண்றாவிதான் வாய்க்கு வந்தது. இன்று காலையில் அவள் வருவதாக இல்லை என்பது பேசாமலே தெரிந்த விஷயம். ஆனால் என்னை எழுப்பியது அவள்தான், சட்டையைத் தேய்த்து வைத்தது அவள்தான். வாசலில் நின்று, “பிள்ளை அழுதா நீங்க கலங்கிறாதீங்க” என்றாள். அப்புறம், “வண்டி எங்கயாச்சும் நின்னா பெட்டியத் தெறங்க, எல்லாம் உள்ளதான் இருக்கு” என்றாள். “எனக்குத் தெரியாதா?” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

“ஏம்ப்பா, வண்டிக்குச் சந்தனமெல்லாம் சாத்தி அலங்காரமா இருக்கு, ஓடத்தான் மாட்டேங்குது போல?” நிழலில் இருந்த அம்மா. காலடியில் கம்பிக்கூடை, கூடையில் சுரைக்காயும் ஒரு பொட்டலமும். எலுமிச்சம்பழம் ஏற்றினேனா என்று கேட்டார். ஏற்றினேன் என்றேன். சக்கரத்துக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டார். என் வாய் வேறு எதையாவது சொல்லிவிடும் என்று பயந்து கார்ப்பரேட்டர் பக்கம் குனிந்துகொண்டேன். எங்கே போகிறாய் என்று கேட்டார், சொன்னேன். தாய்மாமன் என்று சொன்னதும் எழுந்தே நின்றுவிட்டார். “அடப்பாவி, மாமன் இங்க உக்காந்து திருகிக்கிட்டிருந்தா அங்க பிள்ளைய யாரு மடியில வைக்கிறது? அந்தா பஸ் வருது பாரு, அந்தக் கோயில் வாசல்லயேதான் நிக்கும். ஏறு.” நிமிர்ந்து பார்த்தேன். உண்மையிலேயே வந்துகொண்டிருந்தது, வெயிலில் பச்சையாக, மெதுவாக. “வண்டியை விட்டுட்டு எப்படிம்மா? யாரு பாத்துக்கிறது?” என்றேன். “பூட்டிட்டு வா. ஓடாத வண்டிய எவன் தூக்கிட்டுப் போகப் போறான்?” சாவியைக் கையில் வைத்து உருட்டினேன். பஸ் நின்றது. படியில் இடம் இருந்தது, உள்ளே ஜன்னலோரம்கூட இடம் இருந்தது. கண்டக்டர் என்னைப் பார்த்தார், வருகிறாயா என்று தலையை அசைத்தார். “இல்லம்மா, இந்தா இப்பச் சரியாயிரும்” என்றேன். அந்த அம்மா கூடையோடு ஏறிவிட்டு ஜன்னல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டு போனார். இவன் எதற்கோ போக்குக் காட்டுகிறான் என்று அவருக்குத் தெரிந்துபோய்விட்டது. முன்பின் தெரியாத பெண்பிள்ளைக்குத் தெரிகிறது, பூங்கொடிக்குத் தெரியாமலா இருக்கும்?

பஸ் போனதும் ரோடு வெறிச்சோடிவிட்டது. இரண்டு பக்கமும் கருவேல மரம், நடுவில் நான். இதுவரைக்கும் வண்டி நின்றதால் நின்றேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இனிமேல் அப்படிச் சொல்ல முடியாது. வண்டி வரமாட்டேன் என்றது சரி, பஸ் வா என்றதே. நான் குழந்தையை வெறுக்கிறேனா? இல்லை, சத்தியமாக இல்லை. பூங்கொடி மகள் தாரணி போன தடவை வந்தபோது என் மீசையைப் பிடித்து இழுத்துவிட்டுச் சிரித்தாள். சிரித்ததும் நான் உள்ளே போய் முகம் கழுவினேன். அந்தப் பதினோரு மாசப் பிள்ளையின் மேல் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது, உயிரோடு இருக்கிறாளே என்கிற கோபம். இதை யாரிடம் சொல்ல முடியும்? காதில் ஊசி இறங்கும்போது அவள் என் மடியில் துள்ளுவாள், காலை உதறுவாள், நான் அந்தக் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மாமன் வேலையே அதுதான். காலைப் பிடித்துக்கொள்வது. அது முடியாது என்றுதான் காலையிலிருந்து இந்தக் கார்ப்பரேட்டரைப் போட்டு அடித்துக்கொண்டிருக்கிறேன். பாவம், அது என்ன செய்தது.

வெட்கமாக இருந்தது. வெட்கத்தில்தான் முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தேன். பெட்ரோல் குழாயைக் கார்ப்பரேட்டரிலிருந்து பிடுங்கி டேப்பைத் திறந்துவிட்டேன். கொஞ்சம் வழிந்தது, மெலிந்தது, சொட்டியது, நின்றுவிட்டது. முக்கால் டேங்க் பெட்ரோல் இருக்கிறது, கீழே வர மாட்டேன் என்கிறது. அப்படியானால் கார்ப்பரேட்டருக்கு வந்தால்தானே அது வேலை செய்யும்? பட்டினி போட்டுவிட்டு ஏன் எழுந்து நடக்கவில்லை என்று அடித்திருக்கிறேன். சாவியை எடுத்து டேங்க் மூடிமேல் இருந்த சந்தனத்தைச் சுரண்டிவிட்டு, திருப்பி, திறந்தேன். உஸ்ஸென்று ஒரு நீள மூச்சு. காற்று வெளியே வரவில்லை, உள்ளே போயிற்று. போன அதே நொடி கீழே குழாயிலிருந்து பெட்ரோல் குபுகுபுவென்று கொட்டிக் கால் செருப்பை நனைத்தது. சட்டென்று குனிந்து டேப்பை மூடினேன். மூடியைத் திருப்பிப் பார்த்தேன். அதில் ஒரு ஊசித்துளை உண்டு, பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்கு வெளிக்காற்று போவதற்கு. துளையில் சந்தனம் இறங்கிக் கல்லாகக் காய்ந்திருந்தது. சும்மா நிறுத்திப் போட்டால் எங்கோ இடுக்கு வழியாகக் கொஞ்சம் காற்று ஏறும், கொஞ்சம் பெட்ரோல் இறங்கும், ஓடும், நிற்கும். நான் தட்டியதற்கும் அது ஓடியதற்கும் சம்பந்தமே இல்லை.

தமயந்தி வைத்த பொட்டு. ஒரு நொடி, அவள் நான் போகக் கூடாது என்றே அடைத்திருப்பாளோ என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததும் என்னை நானே அறைய வேண்டும்போல் இருந்தது. அவளுக்கு ஊசித்துளை தெரியுமா, டேங்க் மூச்சுவிடுவது தெரியுமா? மூணு மாசம் கழித்து ஒருத்தி கை நிறையச் சந்தனம் எடுத்து ஆசையாக வைத்திருக்கிறாள். போக வேண்டாம் என்று நினைத்தவன் நான். என் அழுக்கை எடுத்து அவள்மேல் பூசப் பார்க்கிறேன். சாவி முனையால் துளையைக் குடைந்தேன், தடிமனாக இருந்தது. கருவேல முள் ஒன்றை ஒடித்துக் குத்தினேன், முள்ளின் முனை உள்ளேயே முறிந்து முன்னைவிட நன்றாக அடைத்துக்கொண்டது. மூடியைத் திறந்துபோட்டு ஓட்டினால் தளும்பித் தொடையெல்லாம் பெட்ரோல். மெல்லிசுக் கம்பி வேண்டும். கம்பி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

பெட்டியின் பூட்டு இறுகியிருக்கும் என்று நினைத்தேன், மூணு மாசத் தூசி. சாவி வழுக்கிக்கொண்டு திரும்பியது. திறந்தால் சந்தன வாசம். அழுக்குத் துணியைக் காணோம், அந்த இடத்தில் தமயந்தியின் பழைய சேலையிலிருந்து கிழித்த துண்டு, துவைத்து மடித்தது. அதன்மேல் ஸ்பேனர் ஒவ்வொன்றும் துடைத்து வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு, குங்குமம். ஸ்க்ரூடிரைவர் பிடியில் பொட்டு. ப்ளக் ஸ்பேனரில் பொட்டு. சுருட்டி வைத்த கம்பிக்குக்கூட ஒரு துளி. ஆயுத பூஜைக்கு ஆயுதங்களை எடுத்து வைக்காமல் இருப்பார்களா? இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? எடுத்துச் சாமி முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுத் திருப்பி வைத்திருக்கிறாள். துணியைத் தூக்கினேன். பிளாஸ்டிக் கவர் இல்லை. சேலைத் துண்டின் இன்னொரு மடிப்புக்குள் அந்த மஞ்சள் காலுறைகள், பக்கத்தில் பக்கத்தில், விரல் நுனி ஒன்றையொன்று தொடுகிற மாதிரி. இரண்டிலும் பொட்டு. சின்னப் பொட்டு. கம்பளி கறையாகிவிடாதபடி சுண்டுவிரல் நுனியால் வைத்திருப்பாள். எல்லாத்துக்கும் பொட்டு வச்சுட்டேன். என் முகத்தையே பார்த்தாளே. சட்டையில் ஒட்டும் என்றேனே நான், மடையன்.

ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதேன். இது துக்கமா நிம்மதியா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு போன் போட்டேன். ஒரே மணியில் எடுத்தாள்.

“போய்ச் சேந்துட்டீங்களா?”

“இல்ல. வண்டி நின்னுபோச்சு. பெட்டியத் தெறந்தேன்.”

போனில் பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடுவது கேட்டது.

“தமயந்தி, நான் அதை ஏழாம் மாசமே...”

“தெரியும். கவர்ல தேதி போட்ட கடைச்சீட்டு இருந்துச்சு.” மூக்கை உறிஞ்சினாள். “மஞ்சக் கலர்ல போய் வாங்கியிருக்கீங்க. பயன்னு நினைச்சீங்களா, பொண்ணுன்னு நினைச்சீங்களா?”

“ரெண்டுக்கும் ஆகும்னு கடைக்காரர் சொன்னார்.”

சிரித்தாளா அழுதாளா, ஒரு சத்தம் வந்தது. “எங்கிட்டக் காட்டியிருக்கலாம்ல” என்றாள். “நானும் ஒண்ணு வாங்கி வச்சிருந்தேன். தலைக்குப் போடுற குல்லா. அரிசி டின்னுக்குள்ள இருக்கு.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். மூணு மாசமாக அந்த டின்னிலிருந்துதான் அரிசி எடுத்து உலை வைத்திருக்கிறாள். அவளும் விரலை விட்டுத் தொட்டுப் பார்த்திருப்பாள். அவளும் தான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்திருப்பாள், நான் பெட்டியை மூடிக்கொண்டு லைன் போய்க்கொண்டிருந்திருக்கிறேன்.

“ஏங்க, நேரமாச்சு. போங்க. பூங்கொடி காத்துக்கிட்டிருப்பா. வந்ததும் பேசுவோம்.” வைத்துவிட்டாள்.

கம்பியை நீட்டித் துளையில் விட்டேன். முள் முனை வந்தது, அதன் பின்னால் சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்து உள்ளங்கையில் விழுந்தது. அதைக் கால்சட்டையில் துடைக்கக் கை வரவில்லை, நெற்றியில் பூசிக்கொண்டேன். துளையை வாய் வைத்து ஊதினேன், காற்று போனது. குழாயை மாட்டி, மூடியைப் பூட்டி, காலுறைகளை அந்த மடிப்புக்குள் இருந்த மாதிரியே வைத்து, பெட்டியைச் சாத்தினேன். ஒரே உதை. பிடித்துக்கொண்டது. கிளம்பும்போது பூங்கொடி மறுபடி கூப்பிட்டாள், “அண்ணே, ராகு காலம் வரப்போகுதுன்னு எல்லாரும் பறக்குறாகண்ணே. பிள்ளைய நான் யார்கிட்டயும் குடுக்கல, என் மடியிலயே வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். நீ வருவதான?” வருகிறேன் என்றேன். இந்தத் தடவை அது வெறும் வார்த்தை இல்லை. போனைப் பைக்குள் போட்டேன், தோட்டு டப்பா நெஞ்சில் இடித்தது. கருவேல மரங்கள் பின்னால் போயின, பஸ் எங்கும் கண்ணில் படவில்லை, வெயில் ஏறிவிட்டது. ஆக்ஸிலேட்டரை முறுக்கினேன், சத்தம் ஏறியது, இறங்கவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டே ஓட்டினேன், எங்காவது ஒரு செருமல் வந்துவிடுமோ, ஒரு இழுவை வந்துவிடுமோ என்று. காலையிலிருந்து இப்போதுதான் முதல்முறையாக, வண்டி நின்றுவிடக் கூடாதே என்று எனக்குப் பயம் வந்தது.